லெட்சுமி வீட்டு மூன்று ரப்பர் கட்டைகள்

“ஆண்ட்டி, உங்ககிட்ட முதல் பீஸ் எத்தன இருக்கு?”

ஷாலினி இப்படிக் கேட்டபோது அவளுடைய கைப்பேசி என் மேசைமேல், முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில், நான் பேசுவதையெல்லாம் பதிவு செய்துகொண்டிருந்தது. நான் முறுக்குத் தட்டை அவள் பக்கம் தள்ளினேன்.

“கோப்பி போடவா, தேத்தண்ணி போடவா?”

“எதுவும் வேணாம் ஆண்ட்டி. இப்பதான் லெட்சுமி ஆண்ட்டி வீட்ல குடிச்சிட்டு வாரேன்.”

பாருங்கள். அங்கே முதலில் போயிருக்கிறாள். இரண்டு வீடும் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில்தான் இருக்கின்றன, இரண்டு சாலை தள்ளி. பெரிய சாலையிலிருந்து உள்ளே நுழைந்தால் என் வீடுதான் முதலில் வரும். என் வாசலைத் தாண்டித்தான் அவள் லெட்சுமி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

ஷாலினி எங்கள் பழைய முதலாளி சுப்பையா அண்ணனின் பேத்தி. இப்போது கம்பெனியை நடத்துவது அவள்தான். கம்பெனியின் பெயரை இந்தப் பத்தியில் எழுதினால் ‘தவமணிக்கு விளம்பரக் காசு வந்துவிட்டது’ என்று என்னைச் சொல்வார்கள், அதனால் கம்பெனி என்றே எழுதுகிறேன். லோரிக்கும் காருக்கும் ரப்பர் பாகங்கள் செய்கிற கம்பெனி. இந்தப் பக்கத்தில் அந்த வேலையை ஆரம்பித்த முதல் சிலரில் ஒருவர் சுப்பையா அண்ணன். நானும் லெட்சுமியும் அங்கே வேலை செய்தே கிழவிகளானவர்கள்.

தொழிற்சாலையின் வாசலில் பழைய வரலாற்றைச் சொல்ல ஓர் அறை கட்டியிருக்கிறாள் ஷாலினி. கண்ணாடிப் பெட்டி வைத்து, பழைய ஆட்களிடம் இருக்கும் முதல் பீஸ்களையெல்லாம் கேட்டு வாங்கி, பெயர் எழுதி அடுக்கப் போகிறாளாம்.

“சொல்லுங்க ஆண்ட்டி. எத்தன?”

“இல்ல.”

“ஒண்ணுகூடவா?”

“கோசோங்,” என்றேன், மலாயில் பூஜ்யம்.

அவள் கைப்பேசியைப் பார்த்தாள். அதை நிறுத்தலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும், இத்தனை வருஷமாகத் தணிந்துவிட்டது என்று நான் நினைத்திருந்த வயிற்றெரிச்சல் மறுபடியும் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

முதல் பீஸ் என்றால்

வெளியாருக்கு இது புரியாது, அதனால் சொல்கிறேன்.

ரப்பர் பாகம் செய்ய இரும்பு அச்சு வேண்டும். புது அச்சு வந்ததும் அதை அழுத்து மெஷினில் பூட்டி, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, முதல் பீஸை எடுப்போம். அது சரியாக வராது. அச்சு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சூடேறியிருக்காது. ஏதாவது ஒரு மூலையில் காற்று அடைத்துக் குமிழி விட்டிருக்கும், இல்லையென்றால் ஓரம் நிரம்பாமல் மொண்ணையாக இருக்கும். விற்க முடியாது. வேறு இடமாக இருந்தால் குப்பைக்குப் போகும்.

சுப்பையா அண்ணன் போட விடமாட்டார். “மொத பீஸக் குப்பையில போட்டா அந்த அச்சு வெளங்காதுலா,” என்பார். சூட்டோடு அதை எடுத்துத் தன் சட்டையில் துடைத்து, சுற்றி நிற்கிற எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்ப்பார். பிறகு யாராவது ஒருவர் முன்னால் போய் நின்று, இரண்டு கையாலும் கொடுப்பார். ஏன் அவருக்கு என்று சொல்லமாட்டார். நாங்களும் கேட்கமாட்டோம்.

வாங்கியவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குங்குமம் வைத்து சாமி படங்களோடு வைப்பார். கிறிஸ்துவர்கள் மாதா படத்தடியில் வைப்பார்கள். விருந்தாளி வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவார்கள். கறுப்பாக, கைக்கு அடக்கமாக, எதற்கும் உதவாத ஒரு ரப்பர் துண்டு. அதற்காக நான் ஏங்கிய ஏக்கத்தை என் பிள்ளைகளுக்குக்கூட நான் சொன்னதில்லை.

லெட்சுமி வீட்டில் அப்படி மூன்று.

புகை போட்ட கட்டை

இது எங்கே தொடங்கியது என்று கேட்டால், கோப்பெங் பக்கத்தில் நாங்கள் பிறந்த எஸ்டேட்டில் தொடங்கியது.

சுப்பையா அண்ணன் அங்கே லோரி ஓட்டினார். கித்தா ஷீட்டுகளை, அதாவது ரப்பர் ஷீட்டுகளை, ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போய் வருவார். லெட்சுமியின் அப்பா முனுசாமி மாமா அந்த லோரியில் பின்னால் நிற்கிற ஆள். என் அப்பா புகைக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர். பால் உறைந்து, ஷீட்டாக உருட்டி வந்ததும் அதை மூங்கிலில் தொங்கவிட்டு, கீழே விறகு எரித்துப் புகை போடுவது அவர் வேலை. வெள்ளையாக உள்ளே போகும் ஷீட்டு தேன் நிறத்தில் வெளியே வரும். அப்பாவின் சட்டை, தலைமுடி, அவர் கை பட்ட சோற்று உருண்டை, எல்லாவற்றிலும் அந்தப் புகை மணம் இருக்கும்.

ஒருமுறை லோரியின் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ரப்பர் கட்டை பிய்ந்துபோனது. எஞ்சின் நேராக இரும்புச் சட்டத்தில் உட்காராமல், அதிர்வைத் தாங்கிக்கொள்வதற்காக நடுவில் வைக்கிற கட்டை அது. சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். மாதக் கணக்கில் வரவில்லை. லோரி வெயிலில் நின்றது, ஷீட்டுகள் தேங்கின, துரை கத்தினார்.

சுப்பையா அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. சுற்றிலும் கித்தா மரம். கொட்டகை நிறையக் கித்தா. இதற்குப் போய்ச் சீமைக்குக் கையேந்துவதா என்று அப்பாவிடம் வந்தார்.

கித்தாவை உறுதியாக்குவது எது என்று அப்பாவிடம் கேட்டால் ஒரே பதில்தான் வரும்.

“பொகைதான்லா கித்தாவுக்கு உசுரு. பச்ச ஷீட்டு பூசணம் பூத்துப் போவும். பொக போட்டா வருசக் கணக்குல கெடக்கும்.”

இருவரும் ஷீட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மிதித்து, கம்பியால் இறுக்கிக் கட்டி, பால் வெட்டும் கத்தியால் சீவி ஒரு கட்டை செய்தார்கள். அப்பா அதைத் தனியாக ஒரு கொக்கியில் தொங்கவிட்டு, ஷீட்டுக்குப் போடுவதைவிட அதிகமாகவே புகை போட்டார். ராத்திரியில் எழுந்து எழுந்து போய்த் திருப்பிவிட்டு வந்தார். எங்களுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அவர் அப்படி எழுந்ததில்லை என்று அம்மா சொல்வார்.

கட்டை வெளியே வந்தபோது பார்க்க அவ்வளவு அழகு. தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தது. லோரியில் மாட்டினார்கள். ஷீட்டு ஏற்றினார்கள். எஸ்டேட்டைத் தாண்டுவதற்கு முன்னால் ஒரு மேடு உண்டு. அந்த மேட்டில் ஏறும்போது எஞ்சின் சூடேறியது. சூடேறியதும் கட்டை இளகி, சட்டியில் கிண்டுகிற டோடோல் இனிப்பு மாதிரி நூல் நூலாக இழுத்துக்கொண்டு ஒழுகியது. எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விசிறி போய் ரேடியேட்டரைக் கிழித்தது. முனுசாமி மாமா அந்த லோரியைத் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டு திரும்பினார்.

ஒழுகியதை வாழை இலையில் வழித்து அப்பாவிடம் கொண்டுவந்து காட்டினார்கள். அப்பா அதை விரலால் தொட்டு, மோந்து பார்த்து, வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

“இன்னும் ரெண்டு நாளு பொக போட்டிருக்கணும்.”

போட்டார்கள். அதுவும் ஒழுகியது. முனுசாமி மாமா மறுபடியும் தள்ளினார்.

வேறு யாராவது இந்தத் தவறைச் செய்திருப்பார்களா என்று நான் யோசித்ததுண்டு. ரப்பரைப் பார்க்காதவன் முதலிலேயே விசாரித்திருப்பான். எங்கள் ஆட்கள் பிறந்ததிலிருந்து அதன் நடுவிலேயே கிடந்தவர்கள். அவர்கள் ஏன் விசாரிக்கப் போகிறார்கள்?

கடைசியில் வழி சொன்னது ஆ செங். ஈப்போவில் ஈயச் சுரங்கங்களுக்கு இரும்பு வார்த்துக் கொடுக்கும் பட்டறைக்காரர். கதையைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம்.

“அசாப் தக் பொலே லா, சுப்பையா,” என்றாராம். புகையால் ஆகாது. கந்தகம் கலக்க வேண்டும், கரித்தூள் கலக்க வேண்டும், அச்சில் வைத்து அழுத்திச் சூடு காட்ட வேண்டும். அச்சை அவரே வார்த்துக் கொடுத்தார்.

அந்த அச்சிலிருந்து எடுத்ததுதான் முதல் பீஸ். எஸ்டேட் பட்டறையில் எடுத்தார்கள். நான் பாவாடை கட்டுகிற வயது, லெட்சுமியும்தான், இருவரும் கூட்டத்தில் நின்றோம். ஒரு மூலை நிரம்பவில்லை, அதனால் லோரிக்கு ஆகவில்லை. அடுத்து எடுத்த பீஸ்தான் லோரிக்குப் போனது, மேடும் ஏறியது. முதலில் வந்ததைச் சுப்பையா அண்ணன் சட்டையில் துடைத்தார். ஒரு பக்கம் என் அப்பா நின்றார். மறுபக்கம் முனுசாமி மாமா நின்றார்.

“நீதான்லா தோள் குடுத்துத் தள்ளுனே,” என்று சொல்லி முனுசாமி மாமாவின் கையில் கொடுத்தார்.

ஒரே ஒருமுறை லெட்சுமி அதை என்னிடம் தொடக் கொடுத்தாள். நான் அந்த மொண்ணை மூலையைத் தடவிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கிக்கொண்டாள். அன்று அப்பா வெறுங்கையோடு கொட்டகைக்குத் திரும்பிப் போய் விறகு அடுக்கினார். அவர் எதுவும் சொல்லவில்லை. நான்தான் அன்றிலிருந்து மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளைப் பொட்டு

பிறகு சுப்பையா அண்ணன் எஸ்டேட்டை விட்டு இறங்கி, இதே குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலைக்கு அடியில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். ஆ செங் அச்சுக்குப் பங்காளி. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம் என்பதால் பழைய மெஷின்கள் சல்லிசாகக் கிடைத்தன. எங்கள் எஸ்டேட்டிலும் கித்தாவை வெட்டிச் செம்பனை போட்டார்கள். ஜனங்கள் டவுனுக்கு வந்தோம். நானும் லெட்சுமியும் ஒரே நாளில் கம்பெனியில் சேர்ந்தோம். அவளை அழுத்து மெஷினுக்கு அனுப்பினார்கள். என்னைக் கொஞ்ச நாள் பீஸ்களின் ஓரத்துப் பிசிறு வெட்ட வைத்துவிட்டு, என் கண்ணைப் பார்த்துச் செக்கிங் மேசையில் உட்கார வைத்தார்கள்.

செக்கிங் என்றால் இதுதான். பீஸைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி, கட்டை விரலால் அமுக்கி, விட்டதும் எவ்வளவு சீக்கிரம் எழுகிறது என்று பார்ப்பேன். சரியாக இருந்தால் வெள்ளைப் பெயிண்டில் குச்சியைத் தொட்டு ஒரு பொட்டு வைப்பேன். இல்லையென்றால் கழிவு டிரம்மில் போடுவேன். என் பொட்டு இல்லாமல் ஒரு பீஸும் கொட்டகையை விட்டு வெளியே போகாது. எனக்குப் பெயரே பொட்டு தவமணி.

கார்க் கம்பெனிகளிலிருந்து ஆர்டர் வந்த காலத்தில்கூட நான் டிரம்மை நிரப்பினேன். சூப்பர்வைசர் கெஞ்சுவார். நான் அசையமாட்டேன். லெட்சுமி மெஷினிலிருந்து வருவதை மட்டும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்ப்பேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. இன்று கேட்டாலும் அப்படித்தான் பார்ப்பேன்.

நான் டிரம்மில் போடும்போதெல்லாம் அவள் தன் மெஷின் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள்.  சாப்பாட்டு வேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் மீன் குழம்பில் பாதியை என் மங்குக் கிண்ணத்தில் ஊற்றுவாள். நல்ல குழம்பு. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

நான் போட்ட கணக்கு

லெட்சுமி வீட்டுக்கு இரண்டாவதாக ஒரு முதல் பீஸ், அவள் கைக்கே, வந்தபோது, அப்பாவுக்குக் கொடுத்ததால் மகளுக்கும் கொடுக்கிறார் என்று நினைத்தேன். சரி, பழைய பழக்கம், போகட்டும்.

அடுத்த அச்சுக்கு ஒரு புதுப் பெண்ணுக்குக் கொடுத்தார். அவளுக்குப் பிசிறு எது பீஸ் எது என்றே தெரியாது. அதற்கடுத்தது வாட்ச்மேனுக்கு. வாட்ச்மேனுக்கு. அவர் அன்றைக்கு உள்ளே வந்ததே சுடுதண்ணீர் எடுக்கத்தான்.

நான் எல்லாக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். கஷ்டப்படுகிறவர்களுக்குக் கொடுக்கிறாரா? நானும் கஷ்டப்பட்டேன். சிரித்துப் பேசுகிறவர்களுக்கா? ஒரு மாதம் முழுக்கச் சிரித்துப் பார்த்தேன், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். முன்வரிசையில் நின்றேன். பிறகு, முன்வரிசையில் நிற்பதால்தான் தரவில்லையோ என்று தூணுக்குப் பின்னால் நின்றேன். சுப்பையா அண்ணனின் கண் என் முகத்தில் வந்து விழும், ஒரு கணம் நிற்கும், விலகிவிடும். அந்த ஒரு கணத்தை நான் எத்தனையோ தடவை அனுபவித்திருக்கிறேன்.

மூன்றாவது பீஸும் லெட்சுமிக்கே போன அன்றைக்கு, நான் கை கழுவுகிற இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வேலையில் ஒரு குறை வைத்ததில்லை. எங்கள் அப்பா புகை போட்ட கம்பெனி. எனக்கு மட்டும் ஏன் இல்லை?

அழுதுவிட்டு வந்து அன்று மிச்சமிருந்த எல்லாப் பீஸையும் பார்த்து முடித்தேன். டிரம் நிறைந்துவிட்டது.

ஆடாத கிளாஸ்

ஷாலினி வந்து போன சில நாள் கழித்து லெட்சுமி போன் செய்தாள்.

“தவம், கொஞ்சம் வீட்டுக்கு வாரியா? எங்கப்பா பீஸக் காணல.”

நான் உடனே கிளம்பினேன். உண்மையைச் சொன்னால், இரண்டு சாலையைக் கடந்ததே தெரியவில்லை. கால் அவ்வளவு லேசாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் ஒன்று இல்லை.

அவள் வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள். சாமி அலமாரியில் இரண்டு பீஸ் குங்குமத்தோடு இருந்தன. மூத்தது, முனுசாமி மாமாவுக்குக் கொடுத்தது, இல்லை. மகன் கல்யாணத்துக்கு முன்னால் தரைக்கு டைல்ஸ் போட்டபோது எல்லாவற்றையும் பெட்டியில் கட்டி வைத்ததாகவும், அதற்குப் பிறகு அது ஏதோ ஒரு பெட்டியிலேயே பத்திரமாக இருக்கிறது என்று நினைத்திருந்ததாகவும் சொன்னாள்.

“கம்பெனியில நடுக் கண்ணாடிப் பெட்டிய அதுக்குன்னே காலியா வச்சிருக்காங்களாம். எங்கப்பா பேருகூட எழுதியாச்சு. இப்ப பீஸ் இல்லன்னா எடுத்துடுவாங்கள்ல? அந்த ஷாலினி புள்ள ஒண்ணும் சொல்லல. ஆனா நா சும்மா அளக்குறேன்னு நெனைக்குது, மூஞ்சியிலயே தெரியுது.”

உட்கார இடம் இல்லாமல் சமையலறைக்குப் போனோம். அங்கே பழைய சலவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மேசை நிறையச் சாமான் கிடந்ததால், எனக்குக் கலக்கிய தேத்தண்ணி கிளாஸை அந்த மெஷின் மேலேயே வைத்தாள்.

மெஷின் துணியைப் பிழிகிற கட்டத்துக்கு வந்து உறுமத் தொடங்கியது. நான் கிளாஸைப் பார்த்தேன். தேத்தண்ணியில் ஓர் அலைகூட இல்லை.

என் வீட்டிலும் அதே மாதிரி மெஷின்தான். பிழிகிற நேரத்தில் அது சுவரைவிட்டு நடந்து கதவு வரைக்கும் வரும். மேலே கிளாஸ் வைத்தால் தரையில்தான் பொறுக்க வேண்டும். இது மட்டும் எப்படி இப்படி நிற்கிறது?

செருப்பைச் சரி செய்கிற மாதிரி குனிந்தேன். பின் காலுக்கு அடியில் கறுப்பாக ஒரு கட்டை. ஒரு மூலை மொண்ணை.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். தேத்தண்ணியைக் குடித்தேன். லெட்சுமி பேசிக்கொண்டே இருந்தாள். நான் கண்டதைச் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். நடுப் பெட்டி காலியாக இருக்கும். அவள் அப்பா பெயரும் இல்லை, என் அப்பா பெயரும் இல்லை. நினைக்கவே குளிர்ச்சியாக இருந்தது.

“ஒங்கப்பா இருந்தா சொல்லியிருப்பாரு தவம்,” என்றாள் லெட்சுமி. துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. “அவருதான் பக்கத்துல நின்னாரு. எங்கப்பாவுக்குத்தான் குடுத்தாங்கன்னு அவரு சொல்லியிருப்பாரு. பொய் சொல்ல மாட்டாரு.”

சொல்லியிருப்பார்தான். வெறுங்கையோடு போனவர்தான், ஆனாலும் சொல்லியிருப்பார். எனக்கு அப்பாமீதும் கோபம் வந்தது.

“மெஷின நிறுத்து,” என்றேன்.

“ஏன்?”

“நிறுத்துலா.”

இருவரும் சேர்ந்து மெஷினைச் சாய்த்தோம். நான் கையை விட்டு இழுத்தேன். சோப்பு நுரை காய்ந்து வெள்ளை படிந்து வந்தது. குழாயில் கழுவினேன். லெட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

“இது எம்மவன் கொமாரு வேலலா. டைல்ஸ் போட்டப்ப முட்டுக் குடுத்திருக்கான்.”

நான் இத்தனை வருஷம் ஏங்கிய பொருள். எனக்குக் கிடைத்திருந்தால் தினமும் பூ வைத்திருப்பேன். இவள் வீட்டில் அது சலவை மெஷினுக்கு அடியில் கிடந்திருக்கிறது, கிடக்கிறது என்றுகூட இவளுக்குத் தெரியவில்லை. 

அப்போது அவள் அதை என் பக்கம் நீட்டினாள்.

“இந்தா. பொட்டு வையி.”

“எதுக்கு?”

“எதுக்கா? மூணு பீஸ் இருக்கு எங்கிட்ட, ஒண்ணுக்காச்சும் பொட்டு இருக்கா? லோரி லோரியாப் போன எல்லாத்துக்கும் வச்சே. எங்கப்பா பீஸ் மட்டும் மூளியாப் போயி ஒக்காரணுமா? அலமாரியத் தெறக்குறப்பல்லாம் எனக்கு அதான் ஒறுத்தும்.”

அவளுக்கும் உறுத்தியிருக்கிறது. எனக்கு அது இத்தனை வருஷம் தெரியாமல் போய்விட்டதே என்று வருத்தமாக இருந்தது. முன்னாலேயே தெரிந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருப்பேன்.

கட்டையை ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். மூலை நிரம்பவில்லை. அடிப்பக்கம் ஒரு குமிழி. எந்த நாளில் வந்திருந்தாலும் டிரம்தான். கட்டை விரலால் அமுக்கினேன். எத்தனை வருஷம் ஒரு மெஷினின் கனத்தைத் தாங்கியிருக்கிறது. விட்டதும் சட்டென்று எழுந்து நின்றது. மறுபடி அமுக்கினேன். மறுபடி எழுந்தது.

லெட்சுமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தக் காலத்தில் மெஷின் பக்கத்திலிருந்து பார்த்த மாதிரியே. நான் அவசரப்படவில்லை. இன்னும் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன்.

“பாஸ்,” என்றேன்.

பேத்தியின் பள்ளிப் பையிலிருந்து எழுத்தை அழிக்கிற வெள்ளை மையை எடுத்து வந்தாள். நான் ஒரு பொட்டு வைத்தேன். அவள் ஓடிப்போய் மற்ற இரண்டையும் கொண்டுவந்தாள். அவற்றையும் அமுக்கிப் பார்த்தேன். அலமாரியிலேயே இருந்து இறுகிப் போயிருந்தன.

“இது ரெண்டும் ரிஜெக்ட்.”

“சாமிகிட்ட இருந்த பீஸ்டி.”

“எங்க இருந்தா எனக்கென்ன?” என்றேன்.

கண்ணாடிப் பெட்டி

அறையைத் திறந்து வைத்த அன்று பழைய ஆட்கள் எல்லாரும் வந்திருந்தோம். சுப்பையா அண்ணனைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார்கள். உடம்பு வற்றிவிட்டது, காது மட்டும் நன்றாகக் கேட்கிறது.

நடுப் பெட்டியில் முனுசாமி மாமாவின் பெயர் பெரிதாக இருந்தது. ஷாலினி கட்டையை உள்ளே வைக்கப் போனவள், வெள்ளைப் புள்ளியைப் பார்த்துவிட்டு, ஏதோ கறை என்று நினைத்து ஈரத் துணியை எடுத்தாள்.

“அதத் தொடாத புள்ள,” என்றாள் லெட்சுமி. அறை முழுக்கக் கேட்டது. “அத அழிச்சா நா பீஸத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்.”

இதையும் அவளே சொல்லிவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால்.

சுப்பையா அண்ணன் கட்டையைக் கேட்டு வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“பொட்டு யாரு வச்சது?”

“நாந்தான் அண்ணே.”

“தவமணியா. இது பாஸா அப்ப?”

“பாஸ்தான்.”

அவர் முகம் மலர்ந்த அந்த நேரத்தை விட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று தோன்றியது. கேட்டுவிட்டேன்.

“எனக்கு மட்டும் ஏன் அண்ணே ஒரு பீஸ்கூடக் குடுக்கல?”

 அவர் என்னை ஒரு கணம் பார்த்தார், அதே பழைய பார்வை.

“ஒனக்கு எப்படிலா குடுக்குறது? மொத பீஸு கெட்ட பீஸு. ஒங்கையில குடுத்தா நீ திருப்பிப் பாத்துட்டு எம் முன்னாலயே டிரம்முல போட்டிருவே. எனக்கு பயம்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போட்டுத்தான் இருப்பேன், அது எனக்கே தெரியும். இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா என்று பக்கத்தில் நின்றவர்கள் என் தோளைத் தட்டினார்கள். இருக்கலாம். ஆனால் பாராட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குங்குமம் வைக்க முடியாது.

புகை போட்ட கதையை ஷாலினி கைப்பேசியில் பதிவு செய்துகொண்டாள். சுவரில் போடவில்லை, இடம் இல்லையாம். என் அப்பா பெயர் அந்த அறையில் எங்கும் இல்லை. அதனால்தான் இந்த வாரம் இங்கே எழுதுகிறேன். அவர் பெயர் வீரப்பன்.

அறையைத் திறந்த ஒரு வாரத்தில் லெட்சுமி போன் செய்தாள்.

“தவம், மெஷின் ஆடுதுடி. நடந்து கதவு வரைக்கும் வருது.”

எவ்வளவு நல்ல செய்தி. நான் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

“அப்படியா,” என்றேன். “எங்க வீட்லயும் அப்படித்தான். பழகிக்கணும்லா.”

“ஷாலினி புள்ளகிட்ட சொன்னேன். வாங்க ஆண்ட்டின்னு கூப்பிட்டுச்சு. புது அச்சு ஒண்ணு வந்திருக்காம். ரெண்டு கையாலயும் எடுத்துக் குடுத்துச்சு, தவம். மொத பீஸு.”

நான்காவது.

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். போனில் அவள் வீட்டு மெஷின் தடதடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இன்னும் முட்டுக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

“தவம், இருக்கியா? பொட்டு வைக்கணும்லா. எடுத்துட்டு வரவா?”

“எடுத்துட்டு வா,” என்றேன். “பாக்குறேன். பாஸ் ஆவும்னு இப்பவே சொல்ல முடியாது.”